டிரிப் ஏறும் கையை மூடி வைக்காதீர்கள்

வாசகர் கேள்வி:

"என் மகளின் ஆண் குழந்தைக்கு ஒன்றேகால் வயது. சென்ற மாதம் கடுமையான வயிற்றுப்போக்கும் வாந்தியும் கண்டு, டர்பனில் ஒரு மருத்துவமனையில் ஐந்து நாள் சேர்த்திருந்தோம். மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறவர்கள் என்பதால் இரவில் நான்தான் துணைக்கு இருந்தேன். இரண்டாம் நாள் இரவு முழுவதும் குழந்தை சிணுங்கிக்கொண்டே இருந்தான். டிரிப் போட்டிருந்த இடது கையை விரல் நுனியிலிருந்து முழங்கை வரை கட்டுப் போட்டு மூடியிருந்தார்கள். மெஷின் சத்தமில்லாமல் ஓடியதால் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். விடியற்காலையில் கட்டைப் பிரித்தபோது கை இரண்டு மடங்காக வீங்கி, புறங்கையில் கொப்புளம் எழும்பியிருந்தது. மணிக்கட்டில் நான் கட்டியிருந்த கோவில் கயிறு சதைக்குள் பதிந்துபோயிருந்ததால் ஒரு சிஸ்டர் அதை அறுத்து எடுத்தார். இப்போது கொப்புளம் ஆறிக் கறுத்த தழும்பு நிற்கிறது. மஞ்சள் அரைத்துப் பூசி வருகிறேன். இது யார் செய்த தவறு? நான் கவனிக்காததுதான் காரணமோ என்று எனக்குத் தூக்கமே வருவதில்லை. இன்னும் இரண்டு மாதத்தில் அவனுக்குக் குடலிறக்க அறுவை செய்ய வேண்டும் என்கிறார்கள். அப்போது டிரிப்பே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கும் என் தங்கையின் பேத்திக்கு இரத்தப் புற்றுநோய்க்காக நெஞ்சில் குழாய் வைத்திருக்கிறார்கள். அவளுக்கும் இப்படி ஆகுமா?"

– பேரனின் ஆயா, சாட்ஸ்வொர்த்

குழந்தைகள் வார்டில் நெடுங்காலம் பணியாற்றிவரும் செவிலியரின் பதில்:

அன்புள்ள அம்மா,

உங்கள் பேரனின் கையில் அன்று இரவு நடந்தது என்ன என்பதை முதலில் விளக்கிவிடுகிறேன். அது தெளிவானால், யார் செய்த தவறு என்ற கேள்விக்குப் பாதி விடை தானாகவே கிடைத்துவிடும்.

டிரிப் போட்ட பிறகு குழந்தையின் கைக்குள் இருப்பது ஊசி அல்ல. ஊசி இரத்தக் குழாய்க்குள் வழி திறந்துவிட்டு உடனே வெளியே எடுக்கப்பட்டுவிடும்; உள்ளே தங்குவது மென்மையான ஒரு பிளாஸ்டிக் குழாய்தான். தென்னாப்பிரிக்க வார்டுகளில் எல்லோரும் அதை ஜெல்கோ என்றே சொல்வார்கள். இந்த வயதுக் குழந்தைக்குப் பெரும்பாலும் மஞ்சள் நிறக் கட்டையுள்ள 24ஆம் எண் ஜெல்கோவைப் போடுவோம். அதன் நீளம் ஏறத்தாழ 19 மில்லிமீட்டர். தடிமனோ ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. கொழுகொழுவென்ற குழந்தையின் புறங்கையில் தோலையும் கொழுப்பையும் கடந்து போவதிலேயே அந்த நீளத்தின் ஒரு பகுதி தீர்ந்துவிடுவதால், இரத்தக் குழாய்க்குள் உண்மையில் இருப்பது சில மில்லிமீட்டர்தான். குழந்தை கையை உதறுகிறான், மணிக்கட்டை மடக்குகிறான், தூக்கத்தில் அந்தக் கையின் மேலேயே புரண்டு படுக்கிறான். ஒவ்வொரு அசைவிலும் குழாயின் நுனி, காகிதம் போல் மெல்லிய இரத்தக் குழாயின் சுவரில் உரசுகிறது. ஒரு கட்டத்தில் நுனி சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே போய்விடும், அல்லது பின்னுக்கு நழுவி வந்துவிடும். அதன் பிறகு பையிலிருந்து வரும் நீர் இரத்தத்தில் கலக்காமல் தோலுக்கடியில் உள்ள சதையில் தேங்கத் தொடங்குகிறது. "டிரிப் டிஷ்யூ ஆகிவிட்டது" என்று சிஸ்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். அவர்கள் சொல்வது இதைத்தான்.

எவ்வளவு தேர்ந்த கை போட்டாலும் இது நடக்கும். குழந்தைகளுக்குப் போடும் ஜெல்கோக்களில் கணிசமானவை, சிகிச்சை முடிவதற்கு முன்பே இப்படி நழுவியோ, அடைத்தோ, வீங்கியோ பயனற்றுப் போகின்றன. ஆகவே டிரிப் வெளியே போனதற்காக, அதைப் போட்ட மருத்துவரையோ சிஸ்டரையோ நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால், நீர் சதைக்குள் தேங்குவதை எத்தனை நேரம் கழித்துக் கண்டுபிடித்தார்கள் என்பது வேறு கேள்வி. சில நிமிடங்களில் கண்டுபிடித்தால் அது வெறும் வீக்கம். நீரை நிறுத்திக் கையை உயர்த்தி வைத்தால் ஒன்றிரண்டு நாளில் வடிந்து, சுவடே இல்லாமல் போய்விடும். பல மணி நேரம் கழித்துக் கண்டுபிடித்தால் கொப்புளமும் புண்ணும் வருகின்றன. மிக அரிதாக, உள்ளே ஏறிய அழுத்தத்தில் கைக்குப் போகும் இரத்த ஓட்டமே தடைப்பட்டு அவசர அறுவை வரைக்கும் போவதுண்டு. உங்கள் பேரனின் எடை ஏறத்தாழ 10 கிலோ என்று வைத்துக்கொண்டால், அன்றாடத் தேவைக்கு மட்டுமே நாளொன்றுக்கு 1,000 மில்லி, அதாவது மணிக்கு 40 மில்லிக்குச் சற்று மேல் ஏற்றுவார்கள்; வயிற்றுப்போக்கில் இழந்த நீரை ஈடுகட்ட அதற்கும் கூடுதலாகப் போகும். மூன்று மணி நேரம் யாரும் பார்க்காவிட்டால் 120 மில்லிக்கும் மேற்பட்ட நீர் அந்தச் சின்னஞ்சிறு கைக்குள் இறங்கிவிடும். கொப்புளம் எழுந்ததற்கு இதுவே போதிய காரணம்.

என்ன நீர் என்பதும் முக்கியம். வெறும் உப்பு நீர் வெளியே கசிந்தால் உடல் அதை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். பொட்டாசியம், கால்சியம், அடர்த்தியான குளுக்கோஸ், சோடியம் பைகார்பனேட், வலிப்புக்குத் தரும் ஃபெனிடோயின், இரத்த அழுத்தத்தை உயர்த்தும் மருந்துகள், சில புற்றுநோய் மருந்துகள் ஆகியவை அப்படியல்ல. இவை சதையையே அரித்துக் கருக்கிவிடக்கூடியவை. நம் நாட்டில் வயிற்றுப்போக்குக்கு வெகுகாலமாக ஏற்றப்பட்டுவரும் ஹாஃப் டாரோஸ் டெக்ஸ்ட்ரோஸ் என்ற நீரில் பொட்டாசியமும் 5 சதவீதம் குளுக்கோஸும் இருக்கின்றன. அது மேலே சொன்ன அளவுக்குக் கடுமையானதல்ல. ஆனாலும் வெறும் உப்பு நீரைக் காட்டிலும் எரிச்சல் தரும். கூடுதலாகப் பொட்டாசியம் கலந்திருந்தார்களா என்பது உங்கள் பேரனின் கோப்பில் எழுதப்பட்டிருக்கும். நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

மெஷின் சத்தமில்லாமல் ஓடியதால் எல்லாம் சரி என்று நினைத்ததாக எழுதியிருக்கிறீர்கள். உங்களைப் போலவே ஏராளமான தாய்மார்களும், புதிதாக வேலைக்கு வரும் இளம் செவிலியர்களும் நினைக்கிறார்கள்; இதைத் திருத்தியே ஆக வேண்டும் என்பது என் நெடுநாளைய கவலை. அந்தப் பம்புக்குத் தெரிந்ததெல்லாம் குழாயில் உள்ள அழுத்தம் மட்டுமே. குழாய் மடங்கினாலோ அடைத்துக்கொண்டாலோ அழுத்தம் ஏறும், உடனே அது கத்தும். ஆனால் குழந்தையின் சதை மிகவும் தளர்வானது. தேங்கும் நீருக்கெல்லாம் அது இடம் கொடுத்துக்கொண்டே போகும். அழுத்தம் பெரிதாக ஏறாததால், நீர் இரத்தக் குழாய்க்குள் போகிறதா சதைக்குள் போகிறதா என்பதைப் பம்பால் பிரித்தறிய முடியாது. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். கசிவைக் கண்டுபிடிக்க மனிதக் கண்ணும் கையும்தான் வேண்டும். அதிலும் கண்ணுக்கு அந்த இடம் தெரிய வேண்டும்.

அன்று நடந்த உண்மையான பிழை இங்கேதான் இருக்கிறது. விரல் நுனியிலிருந்து முழங்கை வரை துணிக்கட்டால் மூடிய கையை யாராலும் பார்க்க முடியாது. குழந்தை இழுத்துவிடுவான் என்ற பயத்தில் பல வார்டுகளில் இப்படிச் சுற்றிவிடுகிறார்கள். அவர்களுடைய நெருக்கடி எனக்குத் தெரியும், ஓர் இரவுக்கு இரண்டே சிஸ்டர்கள் எத்தனை படுக்கைகளைத்தான் பார்ப்பார்கள் என்பதும் தெரியும். இருந்தாலும் இந்த வழக்கத்தை நான் ஏற்பதில்லை. ஜெல்கோ தோலுக்குள் நுழையும் இடத்தில் ஒளி ஊடுருவும் பிளாஸ்திரி மட்டுமே இருக்க வேண்டும். கையை அசையாமல் வைக்கச் சிறு பலகை கட்டினாலும், விரல் நுனிகள் வெளியே தெரிய வேண்டும். பிளாஸ்திரியைக் கையைச் சுற்றி முழு வளையமாக ஒட்டக் கூடாது. டிரிப் ஓடும் சிறு குழந்தையின் கையைச் செவிலியர் மணிக்கு ஒரு முறையாவது பார்த்துக் குறித்துவைக்க வேண்டும். சதையை அரிக்கும் மருந்து ஏறும்போது அதைவிடவும் அடிக்கடி பார்க்க வேண்டும். கட்டுக்குள் மறைந்திருந்த கைக்கு அன்றிரவு இது நடக்கவில்லை. நீங்கள் பக்கத்தில் இருந்தீர்கள்; ஆனால் எதைப் பார்க்க வேண்டும் என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, பார்ப்பதற்கு இடமும் விட்டுவைக்கவில்லை. ஆகவே அந்தப் பழியை நீங்கள் சுமக்க வேண்டியதில்லை அம்மா. குழந்தை இரவெல்லாம் சிணுங்கினான் என்பது உங்கள் நினைவில் நிற்கிறதே, அதுதான் அன்று அவனால் தர முடிந்த ஒரே அறிகுறி. அதைக் கவனித்தவர் நீங்கள் ஒருவர்தான்.

கோவில் கயிற்றை அறுத்தது உங்கள் மனத்தை எவ்வளவு நோகச் செய்திருக்கும் என்பது புரிகிறது. ஆனாலும் அந்தச் சிஸ்டர் செய்தது சரி, உடனே செய்ததும் சரி. வீக்கம் கீழிருந்து மேலே பரவும்போது மணிக்கட்டில் உள்ள கயிறோ, கறுப்பு மணியோ, வெள்ளிக் காப்போ விரிந்து கொடுப்பதில்லை. அதற்குக் கீழே இரத்தம் திரும்பிப் போக வழியில்லாமல் வீக்கம் இன்னும் கூடுகிறது, விரல்கள் நீலம் பாரிக்கின்றன. காவடி, முருகன் கோவில் நேர்த்தி என்று நம் வீடுகளில் குழந்தைகளின் கையில் கயிறு இல்லாத நாள் குறைவு. மருத்துவமனைக்குக் கிளம்பும்போதே, இரண்டு கைகளிலும் இரண்டு கால்களிலும் உள்ள கயிறு, காப்பு, கொலுசு எல்லாவற்றையும் வீட்டிலேயே உங்கள் கையாலேயே கழற்றிப் பூஜை மாடத்தில் வைத்துவிடுங்கள். எந்தக் கையில் அல்லது காலில் டிரிப் போடுவார்கள் என்பது அங்கே போன பிறகுதான் தெரியும். வீடு திரும்பியதும் மீண்டும் கட்டிக்கொள்ளலாம்.

தழும்பைப் பற்றி: புண் முழுவதும் மூடி, ஈரமோ பொருக்கோ இல்லாமல் இருந்தால், கறுப்பு நிறம் சில மாதங்களில் மெல்ல மங்கும், நம் தோல் நிறத்தில் அது மறைய ஓராண்டுகூட ஆகலாம். மஞ்சளை நிறுத்திவிடுங்கள். இளந்தோலில் அது எரிச்சலைக் கிளப்பக்கூடும். அதன் நிறம் படிந்தால் அடியில் சிவப்பு இருக்கிறதா என்று பார்க்கவும் முடியாது. அதற்குப் பதிலாக வாசனை சேர்க்காத ஏக்வியஸ் கிரீமோ வாஸ்லினோ தடவி, நாளுக்கு இரண்டு மூன்று முறை விரலால் மெதுவாக வட்டமாகத் தேய்த்துவிடுங்கள். வெயிலில் போகும்போது முழுக்கைச் சட்டை போடுங்கள். நிறத்தைவிட நீங்கள் கவனிக்க வேண்டியது கையின் அசைவு. பேரன் இடது கையால் பிஸ்கட்டை இறுகப் பிடிக்கிறானா, தரையில் உள்ளங்கையை முழுதாக ஊன்றுகிறானா, விரல்கள் எல்லாம் மடங்குகின்றனவா என்று வலது கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தழும்பு தடித்து மேலெழுந்தாலோ, மணிக்கட்டை மடக்கும்போது தோல் வெடுக்கென்று இழுத்தாலோ தாமதிக்காமல் மருத்துவமனையில் காட்டுங்கள். கைப்பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடமோ பிளாஸ்டிக் அறுவைப் பிரிவிடமோ அனுப்புவார்கள். சிறு வயதில் தொடங்கினால் பயிற்சியிலேயே பெரும்பாலும் சரியாகிவிடும்.

அடுத்த முறை துணைக்கு இருக்கும்போது என்ன செய்ய வேண்டும் என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, குழந்தையின் இரண்டு கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். டிரிப் உள்ள கையில் முட்டிகளின் சுருக்கங்களும் மணிக்கட்டின் மடிப்பும் மற்றக் கையில் தெரிவது போலவே தெரிகின்றனவா? வீக்கத்தின் முதல் அடையாளம், அந்த மடிப்புகள் மறைந்து தோல் பளபளவென்று இழுத்துக்கொள்வதுதான். பிறகு உங்கள் விரலின் பின்பக்கத்தால் இரண்டு கைகளையும் தொட்டுப் பாருங்கள். பையில் உள்ள நீர் அறையின் குளிர்ச்சியில் இருப்பதால், அது சதைக்குள் தேங்கும் இடம் சில்லென்றும் கல் போலவும் இருக்கும். மாறாகச் சூடாகவும் சிவந்தும் இருந்தால் இரத்தக் குழாய் அழன்றிருக்கிறது என்று பொருள். பிளாஸ்திரியின் அடியில் ஈரம் கசிகிறதா, தோல் வெளிறியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு விரல் நகத்தை மெல்ல அழுத்திவிட்டால், வெளுத்த இடம் இரண்டு மூன்று நொடிக்குள் மீண்டும் சிவக்க வேண்டும். கையை ஒப்பிடும்போது முழங்கைக்கு மேலேயும் அக்குள் வரை பாருங்கள். படுத்த நிலையில் நீர் கீழ்ப்பக்கமாக இறங்கி, ஜெல்கோ உள்ள இடம் சாதாரணமாகத் தெரிய, கையின் அடிப்பக்கம் மட்டும் வீங்கியிருப்பதும் உண்டு. மருந்தை உள்ளே தள்ளும் ஒவ்வொரு முறையும் குழந்தை வீறிட்டு அழுதால், அடம் என்று விட்டுவிடாதீர்கள். ஜெல்கோ சரியாக இருந்தால் பெரும்பாலான மருந்துகளுக்கு அப்படி வலிக்காது.

சந்தேகம் வந்தால் உடனே சிஸ்டரைக் கூப்பிட்டு, இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக் காட்டுங்கள். பம்பை நிறுத்திவிட்டுப் பார்க்கும்படி கேளுங்கள். அப்படிக் கேட்பதற்கு நீங்கள் தயங்க வேண்டியதே இல்லை. நள்ளிரவானாலும், ஐந்து நிமிடத்திற்கு முன்புதான் பார்த்தோம் என்று அவர்கள் சொன்னாலும் கேளுங்கள். நீங்களாகப் பம்பின் பொத்தானையோ, குழாயில் உள்ள உருளைப் பூட்டையோ தொடாதீர்கள். ஜெல்கோவைப் பிடுங்கவும் வேண்டாம். மோசமான மருந்து கசிந்திருந்தால், அதே ஜெல்கோ வழியாகத்தான் முடிந்தவரை அதைத் திரும்ப உறிஞ்சி எடுக்கப் பார்ப்போம். சில மருந்துகளுக்கு ஹயலுரோனிடேஸ் போன்ற மாற்று மருந்தைச் சுற்றிலும் போட வேண்டியிருக்கும். முதல் ஒரு மணி நேரத்துக்குள் போட்டால்தான் அதன் பலன் முழுமையாகக் கிடைக்கும். வெந்நீர் ஒத்தடமும் உங்கள் முடிவில் வேண்டாம். சில மருந்துகளுக்குச் சூடு உதவும், வேறு சிலவற்றுக்கு அதே சூடு புண்ணைப் பெரிதாக்கும். கட்டையோ பிளாஸ்திரியையோ கத்தரிக்கோலால் வெட்டிப் பிரிக்க எவரையும் அனுமதிக்காதீர்கள். கட்டுக்குள் மடங்கியிருந்த பிஞ்சு விரலின் நுனி துண்டான நிகழ்வுகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. தண்ணீரிலோ எண்ணெயிலோ நனைத்து உரித்தெடுப்பதே சரி.

குழாயில் சின்னச் சின்னக் காற்றுக் குமிழிகளைக் கண்டு பல தாய்மார்கள் நடுங்கிப்போகிறார்கள். இதயத்தில் பிறவிக் குறை இல்லாத குழந்தைக்கு ஊசிமுனை அளவுக் குமிழியால் தீங்கு வருவதில்லை. இருந்தாலும் காட்டுங்கள், தட்டி அகற்றிவிடுவார்கள். ஜெல்கோ எடுத்த பிறகு அந்த இரத்தக் குழாய் கயிறு போல் கெட்டியாகச் சில வாரம் நிற்பதும் சாதாரணமே. சிவப்பும் காய்ச்சலும் சேர்ந்தால் மட்டும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கிருமித் தொற்று, வீக்கத்தைவிட அரிதானாலும் அதைவிட ஆபத்தானது. ஜெல்கோ என்பது தோல் என்ற வேலியில் நாமே திறந்து வைக்கும் வாசல். கழுவாத கையோ, சுத்தம் செய்யாத மூடியோ அந்த வாசலில் பட்டால் கிருமி நேரே இரத்தத்துக்குள் போய்விடும். 2005இல் நம் குவாசூலு-நட்டால் மாநிலத்தில், ஓர் அரசு மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் கிளெப்சியெல்லா என்ற கிருமி பரவி இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்துபோனார்கள். ஆராய்ந்து பார்த்தபோது, இரத்தக் குழாய் வழியாக ஏற்றப்பட்ட குளுக்கோஸ் நீரே கிருமிக்கு ஊற்றாக இருந்தது என்று தெரிந்தது. அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் பதறுகிறது. ஏனெனில் அந்தக் குழந்தைகளில் எவரும் அந்த நீரில் தங்களுக்கு என்ன வருகிறது என்று சொல்லக்கூடியவர்கள் அல்லர். ஒரு குழந்தைக்குத் திறந்த புட்டியிலிருந்தோ பையிலிருந்தோ இன்னொரு குழந்தைக்கு எடுக்கக் கூடாது என்ற விதியை நாங்கள் ஏன் அவ்வளவு கண்டிப்பாகப் பிடித்துக்கொள்கிறோம் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டாம். ஒவ்வொரு முறையும் மருந்து போடுவதற்கு முன் சிஸ்டர் கையைச் சுத்தம் செய்கிறாரா, குழாயின் மூடியைச் ஸ்பிரிட்டால் நன்றாகத் தேய்த்துக் காய விடுகிறாரா என்று நீங்கள் பார்க்கலாம். மறந்தால் பணிவாக நினைவூட்டலாம். நல்ல செவிலியர் அதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

தொற்றையும் வீக்கத்தையும் ஒருசேரக் குறைக்கும் வழி, தேவையில்லாத ஜெல்கோவை ஒரு மணி நேரம்கூட வைத்திருக்காமல் எடுத்துவிடுவதுதான். பெரியவர்களுக்குப் பல இடங்களில் செய்வது போல் மூன்று நான்கு நாளுக்கொரு முறை கட்டாயம் மாற்ற வேண்டும் என்பது குழந்தைகளுக்கு இல்லை. நன்றாக இருக்கும் ஜெல்கோவை மாற்றினால் இன்னொரு குத்துதான் மிஞ்சும். ஆனால் தினமும் காலையில் மருத்துவர் வார்டைச் சுற்றிவரும்போது, "இவனுக்கு டிரிப் இன்னும் தேவையா, வாய்வழியாகக் கொடுக்க முடியுமா?" என்று நீங்கள் கேளுங்கள். குழந்தை குடிக்கத் தொடங்கிய பிறகும், எடுக்கச் சொல்ல மறந்துபோன காரணத்தால் மட்டுமே கையில் தங்கிவிடும் ஜெல்கோக்கள் எத்தனையோ. வயிற்றுப்போக்கைப் பொறுத்தவரை வீட்டிலேயே முதல் மணி நேரத்தில் தொடங்கும் சிகிச்சை பல குழந்தைகளை டிரிப்பிலிருந்து காப்பாற்றும்: கொதிக்க வைத்து ஆற்றிய ஒரு லிட்டர் தண்ணீரில் 8 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், தலைதட்டி அளந்து, கலந்து, ஒவ்வொரு முறை போன பிறகும் சிறிது சிறிதாகப் புகட்டுங்கள். கண் குழி விழுந்து, துவண்டு, குடித்ததையெல்லாம் வாந்தி எடுத்தால் வீட்டில் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது.

உங்கள் தங்கையின் பேத்திக்கு வைத்திருப்பது வேறு வகைக் குழாய். அது நெஞ்சருகே பெரிய இரத்தக் குழாய்க்குள் போய் இதயத்தின் வாசலில் முடிகிறது. அங்கே இரத்தம் வேகமாக ஓடுவதால், கையில் போட்டால் சதையைக் கருக்கிவிடும் மருந்துகளைக்கூடப் பாதுகாப்பாக ஏற்றலாம். ஆகவே உங்கள் பேரனுக்கு வந்தது போன்ற வீக்கம் அவளுக்கு வரும் வாய்ப்பு மிகக் குறைவு. அங்கே அஞ்ச வேண்டியவை இரண்டு. ஒன்று தொற்று: அவளுக்குக் காய்ச்சல் கண்டால், அதிலும் குழாயில் மருந்தோ நீரோ செலுத்திய சற்று நேரத்தில் குளிர் நடுக்கம் வந்தால், இரவு பகல் பார்க்காமல் அந்த மணி நேரத்திலேயே புற்றுநோய்ப் பிரிவுக்குப் போக வேண்டும், காய்ச்சலுக்கான பனடோ (பாராசிட்டமால்) கொடுத்துவிட்டுக் காலை வரை காத்திருக்கக் கூடாது. மற்றொன்று இரத்தம் உறைதல்: குழந்தைகளின் சிரைகளில் இரத்தம் உறைவதற்கு முதன்மையான காரணம் இத்தகைய குழாய்களே. கழுத்தோ முகமோ அந்தப் பக்கத்துக் கையோ வீங்கினால், நெஞ்சின் மேல் புதிதாக நீல நரம்புகள் தெரிந்தால், உடனே காட்ட வேண்டும். அவளைக் குளிப்பாட்டும்போது அந்த இடம் நனையாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அறுவைக்கு டிரிப்பே வேண்டாம் என்று சொல்லாதீர்கள் அம்மா. மயக்கத்தில் இருக்கும் குழந்தைக்கு மூச்சிலோ இதயத் துடிப்பிலோ ஏதேனும் மாற்றம் வந்தால், நொடியில் மருந்து கொடுக்க மருத்துவருக்கு அந்த வழி தயாராக இருக்க வேண்டும். உங்கள் பயத்துக்கு ஆறுதலான செய்தி ஒன்று இருக்கிறது: இந்த வயதில் பெரும்பாலும் முகமூடி வழியாக வாயு கொடுத்துத் தூங்க வைத்த பிறகே ஜெல்கோ போடுவார்கள், குழந்தைக்குக் குத்தியது தெரியாது. விழித்திருக்கும்போதே போட வேண்டிய நிலை வந்தால், தோலை மரத்துப்போகச் செய்யும் எம்லா கிரீமை ஒரு மணி நேரத்துக்கு முன்பே தடவி மூடிவைக்கச் சொல்லிக் கேளுங்கள். முன்பு பட்ட துன்பத்தை மயக்க மருத்துவரிடம் தொடக்கத்திலேயே சொல்லி, தழும்புள்ள கையையும், அவன் விரல் சப்பும் கையையும் தவிர்க்கச் சொல்லுங்கள். ஒருவர் இரண்டு முறை குத்தியும் கிடைக்கவில்லை என்றால், இன்னும் அனுபவமுள்ளவரை அழைக்கும்படி கேட்பது உங்கள் உரிமை. அறுவைக்கு முந்திய பட்டினியில் உடல் வறண்டால் இரத்தக் குழாய்கள் சுருங்கி, கண்டுபிடிப்பதே கடினமாகிவிடும். தெளிந்த நீரை எந்த மணி வரை கொடுக்கலாம் என்று முந்தின நாளே கேட்டு, அந்த மணி வரை கொடுங்கள். பல மருத்துவமனைகளில் இரண்டு மணி நேரம் முன்பு வரை அனுமதிப்பார்கள்.

அதற்கு முன், சென்ற மாதம் நடந்ததை எழுத்தில் கொடுத்துவிடுவது நல்லது. முதலில் அந்த வார்டின் பொறுப்புச் செவிலியரிடமும், பிறகு மருத்துவமனையின் புகார்ப் பிரிவிலும் கொடுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் சுகாதார ஆம்புட்ஸ்மன் அலுவலகத்துக்கு எழுதலாம். தேதி, நேரம், கட்டுப் போட்டிருந்த விதம், கொப்புளத்தின் புகைப்படம் ஆகியவற்றைச் சேர்த்துவையுங்கள். அன்றிரவு பணியில் இருந்த சிஸ்டர்களைத் தண்டிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஜெல்கோ உள்ள இடத்தைத் துணியால் மூடும் பழக்கம் எழுத்தில் ஒரு புகார் வந்தால்தான் பல வார்டுகளில் மாறுகிறது.

குடலிறக்க அறுவை முடிந்து பெரும்பாலான குழந்தைகளை அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். புறப்படும் முன் ஜெல்கோவை எடுத்துவிட்டார்களா என்று பார்த்து, எடுத்த இடத்தில் பஞ்சை வைத்துச் சில நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். அடுத்த இரண்டு நாள் குளிப்பாட்டும்போது அந்த இடத்தைப் பாருங்கள். சிவந்து சூடேறினாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே வார்டுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டுக் குழந்தையை அழைத்துப் போங்கள்.